மணி அடிக்கட்டுமா?

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சௌக்கியம். அவருக்கு முழங்கை வலி போய், லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு மறுபடி கிளம்பிவிட்டார். நீ எப்படி இருக்கிறாய்? எப்போது போன் செய்தாலும் அண்ணிதான் எடுக்கிறார். போன வாரம் நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். அதற்கு முந்தின வாரமும் குளியல். நேற்றும் குளியல். இப்படிக் குளித்தால் கரைந்து போய்விடுவாய்.

சரி, உட்கார்ந்துகொண்டு மேலே படி. "மணி அடிக்கட்டுமா?" திரும்பி வரப்போகிறது!

எங்கள் சேனலில் பழைய விளையாட்டு நிகழ்ச்சிகளில் எதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று நேயர்களைக் கேட்டோம். "கண்கட்டிக் கடைத்தெரு"வுக்கு நிறைய ஓட்டு. "யார் வீட்டுச் சாவி"க்கும் பரவாயில்லை. ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது நம்முடையதுதான். ஒரு அம்மா எழுதியிருக்கிறார், உன் குரலைக் கேட்டால் அவர் வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிடுமாம்.

புது மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "சீக்கிரம் சார்". எதைச் சொன்னாலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். அவர் நம் நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை. நான்தான் எழுந்து நின்று விளக்கினேன். போட்டியாளர் ஒரு பெட்டியில் கைவிட்டுக் கேள்விச் சீட்டு எடுப்பார். நீ படிப்பாய். அவர் விடை சொல்வார். நீ "மணி அடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் அவர் முகத்தையே பார்ப்பாய். அந்த மௌனத்தில் அவர் ஒரே ஒரு தடவை "மாத்திக்கறேன்" என்று சொல்லி விடையை மாற்றலாம். சரி என்றால் திரைக்குப் பின்னால் நான் மணி அடிப்பேன். தப்பு என்றால் கட்டையைத் தட்டுவேன். அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" என்றார் சீக்கிரம் சார்.

"அவ்வளவுதான் சார். ஆனா அதைப் பார்க்க ஊரே கதவை மூடிக்கிட்டு உட்கார்ந்துச்சு."

ஜூனில் ஒரு சோதனைப் படப்பிடிப்பு. அது அவருக்குப் பிடித்தால் நிகழ்ச்சி உண்டு, இல்லாவிட்டால் அந்த நேரத்தில் ஏதோ நடனப் போட்டி. நீ இல்லாமல் இது நடக்காது அண்ணா. எப்போது வருகிறாய்? பதிலை உடனே எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் கீச்சு


பிப்ரவரி 2

அன்புள்ள கீச்சுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியைப் பதவி வந்த பிறகு வீட்டிலும் பதவி உயர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் முழங்கை குணமானதில் சந்தோஷம். லிஃப்டை நம்பி வாழ்கிறவர்கள் நிறையப் பேர், அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்.

செய்தி படித்தேன். இரண்டு தடவை படித்தேன். உன் அண்ணியிடம் காட்டினேன். நாய் விஷயத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

ஆனால் நான் வரவில்லை. ஆடி ஓய்ந்தவனைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி ஆடச் சொல்கிறாயே, நியாயமா? என் கோட்டெல்லாம் வயிற்றுப் பக்கம் மூட மறுக்கிறது. விளக்கு வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. இப்போது எனக்கு மாடியில் தொட்டிச் செடிகள் இருக்கின்றன, அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேறு ஆளைப் பார்.

நிகழ்ச்சி வரட்டும், நன்றாக வரட்டும். என்னைக் கேட்டால் "கண்கட்டிக் கடைத்தெரு"வும் வர வேண்டும். கண்ணைக் கட்டிய புருஷன் வண்டி தள்ள, பெண்டாட்டி கூண்டுக்குள் இருந்து "இடது, இடதுன்னா உனக்கு எதுன்னே தெரியாதா" என்று கத்த, சோப்புக் கோபுரம் சரியுமே, அதற்கு ஈடு உண்டா? ஒரு குடும்பத்தை அப்படியே திறந்து காட்டும் நிகழ்ச்சி அது. இன்றைக்கும் கணவன் மனைவிகள் இருக்கிறார்கள், சோப்பும் இருக்கிறது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். யார் வந்தாலும் வரட்டும், அந்த மௌனத்தில் மட்டும் கை வைக்க விடாதே. அது எப்படிப் பிறந்தது என்று உனக்கே தெரியும். நேரடி ஒளிபரப்பு. முதல் வாரமே விடை அட்டையில் உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் தடித்தடிப் புத்தகமாக நீ புரட்ட ஆரம்பித்தாய். முன்னால் நான் மாட்டிக்கொண்டேன். எதையாவது பேசிச் சமாளிக்கலாம்தான். பேசினால் நீ பக்கம் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்காது. அதனால் வாயை மூடிக்கொண்டு எதிரே இருந்தவரைப் பார்த்தேன். அந்த ஆளுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. "மாத்திக்கறேன் சார்" என்று அவராகவே கதறினார். அன்றைக்கு அதையே விதியாக்கினோம். ஊர் என்னவோ நான் பெரிய வித்தைக்காரன் என்று நினைத்தது. உன் புத்தகத்துக்குத்தான் அந்தப் பெயர் போயிருக்க வேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம், என் கோபத்தைத் தவிர. தொட்டிச் செடியாம்! நீ ஊற்றாவிட்டால் வானம் ஊற்றாதா? யாருக்குக் காது குத்துகிறாய்?

உன் இடத்துக்கு ஆள் தேர்வு நடந்தது. வந்தவன் பெயர் எல்லோருக்கும் "பட்டாசு". வானொலியில் காலை நேரத்தில் படபடவென்று வெடிப்பானே, அவன்தான். நல்ல பிள்ளை, குறை சொல்லக் கூடாது. வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான், நாற்காலிக்கும் சொன்னான். ஆனால் மௌனம் என்ற சாமான் அவனிடம் இல்லை. ஒத்திகைக்கு எங்கள் கணக்குப் பிரிவு ஆளைப் போட்டியாளராக உட்கார வைத்தோம். அவர் விடை சொன்னார். உடனே பட்டாசு, "சரியா, தப்பா? உங்க மனசு என்ன சொல்லுது? வீட்ல என்ன சொல்வாங்க? மாத்தணுமா, வேணாமா? நான் ஒண்ணும் சொல்லலை, ஆனா நீங்க சொன்னது கரெக்ட்டுன்னு நான் சொல்லவே மாட்டேன்!" என்றான். கணக்குப் பிரிவு ஆள், "அப்ப கரெக்ட்தான்" என்று எழுந்து போய்விட்டார்.

சீக்கிரம் சாருக்கு அவனைப் பிடித்துவிட்டது. "சத்தமே இல்லன்னா ஜனங்க டி.வி. ரிப்பேர்னு நினைப்பாங்கம்மா. அந்த இடத்துல ம்யூசிக் போடுங்க, லைட்டைச் சுத்த விடுங்க" என்கிறார். அந்த மௌனத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? பரீட்சை ஹால்தான் இருக்கிறது.

அதனால் ஒரே ஒரு உதவி. நீ வர வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்று. "மணி அடிக்கட்டுமா?" என்று ஒரு தடவை, உன் வெண்கலக் குரலில், டேப்பில் பதிந்து அனுப்பு. பழைய ஒளிப்பதிவெல்லாம் அழித்துவிட்டார்கள், எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வார்த்தையும் அதற்குப் பின்னால் வரும் அமைதியும் அவர் காதில் விழுந்தால் போதும், மனுஷன் மாறிவிடுவார். இரண்டே வார்த்தை அண்ணா. அதற்குக்கூடவா கோட்டு மூட வேண்டும்?

அண்ணியின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? போனில் கேட்க நினைத்து மறந்துவிட்டேன். நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாயாம். குளியல் முடிந்ததில் மகிழ்ச்சி.

கீச்சு


மார்ச் 24

அண்ணா,

நலமா? இங்கே நலம்.

போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. டேப்பும் வரவில்லை. தபால்காரரை வழியில் மறித்துக் கேட்டேன், அவர் என்னைக் கண்டாலே இப்போது எதிர்ப்பக்கம் நடக்கிறார். ஊர் முழுக்க உன் குரலைக் கேட்கக் காத்திருக்கிறது, உனக்கு என்ன, வாயடைத்துப் போயிற்றா? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. தங்கைக்கு இரண்டு வார்த்தை பேசித் தர முடியாத அளவுக்குப் பெரிய மனிதன் ஆகிவிட்டாயா?

கீச்சு


ஏப்ரல் 15

அன்புள்ள கீச்சுக்கு,

நலம். உன் அண்ணியின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அவள் இப்போது விதவிதமாக சூப் வைக்கப் பழகியிருக்கிறாள், எல்லாக் காய்கறியும் அரைபட்டுத்தான் மேசைக்கு வருகிறது.

டேப் ரெக்கார்டர் பழுதாகிவிட்டது. சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பட்டாசுப் பையனையே வைத்துக்கொள்ளுங்கள். பழகப் பழகச் சரியாகிவிடுவான். நானும் ஆரம்பத்தில் உளறினவன்தான்.

நேரில் வந்து பேசலாம் என்று நினைக்காதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், சாமானெல்லாம் நடுவில் கிடக்கிறது. உட்கார இடமில்லை.

கோபப்படாதே.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக்கொடுத்த ரொட்டியை வழியில் சாப்பிட்டேன். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அங்கே இருந்தபோது அழுதே நேரத்தைப் போக்கிவிட்டேன். திட்ட வேண்டியதை இப்போது திட்டுகிறேன். போன அக்டோபரில் தொண்டையில் ஆபரேஷன். குரல்பெட்டியையே எடுத்திருக்கிறார்கள். எனக்குச் சொன்னது என்ன? "மலைப்பக்கம் ஓய்வுக்குப் போகிறோம்." நான் உன் சொந்தத் தங்கையா, இல்லை அடுத்த தெருக்காரியா?

நீயே வந்து கதவைத் திறந்தாய். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. "வெள்ளையடிச்ச வாசனையே வரலையே" என்று சண்டைக்குத் தயாராக உள்ளே நுழைந்தேன். நீ வாயைத் திறந்தாய். மூடினாய். அப்புறம் சிலேட்டை எடுத்து, "முதலில் உட்கார். காபி?" என்று எழுதினாய். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "வாயடைத்துப் போயிற்றா" என்று எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது. நீ என்னவோ என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறாய், எனக்குத்தான் ஆபரேஷன் ஆன மாதிரி. அண்ணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், "நான் அப்பவே சொன்னேன், கேட்டாரா?" என்றார்.

திட்டு முடிந்தது. இனி விஷயம்.

சாயங்காலம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? காபிப் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து, இன்னும் வேண்டுமா என்று புருவத்தால் கேட்டாய். "வேணாம்" என்றேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். "சரி, அரை கப்" என்றேன். அப்போதும் பார்த்தாய். "வேணாம், தூக்கம் வராது. இல்ல, ஊத்து, பரவால்ல" என்றேன். அண்ணி சிரித்தார், நானும் சிரித்தேன். பஸ் ஏறி உட்கார்ந்து பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பக்கத்து சீட் ஆள் திடுக்கிட்டு எழுந்துவிட்டார், அவ்வளவு சத்தமாகக் கைதட்டினேன்.

அண்ணா, குரல்தானே போயிற்று? அந்த மௌனம் அப்படியே இருக்கிறது. ஒரு காபிக்கு என்னை மூன்று தடவை மாற வைத்தாயே!

கேள்வியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நீ நாற்காலியில் உட்கார். விடை அட்டை உன் கையில், மணியும் கட்டையும் உன் மேசையில். "மணி அடிக்கட்டுமா?" என்று நீ கேட்கவே வேண்டாம், மணியின் மேல் கையை வைத்துப் பார், போதும். படிக்க நல்ல குரலாக ஒரு ஆளை நான் பிடிக்கிறேன்.

மாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன்,
கீச்சு


மே 17

அன்புள்ள கீச்சுக்கு,

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து வீடு கலகலப்பாக இருப்பது போல் ஒரு பிரமை. உன் அண்ணியும் நானும் நலம். நீ மறந்து வைத்த குடை இங்கே பத்திரமாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எது போயிருந்தாலும் உனக்கு முதல் ஆளாக எழுதியிருப்பேன். இது போனதும், நான் என்ற ஆளே போய்விட்டது போல் இருந்தது. கடைக்குப் போனால் நான் பேசவில்லை என்றதும் எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கத்துகிறார்கள். சிலர் குழந்தையிடம் பேசுவது போல் பேசுகிறார்கள். மருந்துக்கடைப் பெண் என்னைப் பார்க்காமல் உன் அண்ணியைப் பார்த்து, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்கிறாள். அதனால் வெளியே போவதையே குறைத்துவிட்டேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் உண்மை.

இப்போது சேனலில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? "ஐயோ பாவம்" என்பார்கள். நாய் குரைப்பதை நிறுத்திய குரலுக்கு ஒரு "ஐயோ பாவம்" வாங்கிக்கொண்டு வீடு திரும்ப எனக்குத் தெம்பு இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது கீச்சு.

இதுவரை எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். உன் அண்ணி, "என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் மௌனமும் லேசுப்பட்டதல்ல, பள்ளிக்கூடத்தையே அதில் நடத்துகிறவள். உறையைக் கிழித்துவிட்டேன். மாத்திக்கறேன்.

வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. நல்ல குரல், வெண்கலக் குரல் என்று யாரையும் தேடாதே. கேள்வியை நீதான் படிக்க வேண்டும். இத்தனை வருஷம் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது போதும். நானே குரல் இல்லாமல் வெளிச்சத்துக்கு வருகிறேன், நீ அந்தக் கீச்சுக் குரலோடு வந்தால் என்ன? பாவப்படுகிறவர்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பாவப்படட்டும்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறாயா? நான் நலமாக இல்லை. எல்லாம் உன்னால்.

என் குரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? இந்தப் பெயரை வைத்ததே நீதானே? போனில் பேசினால் இன்றைக்கும், "பாப்பா, அம்மா இருக்காங்களா?" என்கிறார்கள். மாப்பிள்ளை தைரியம் சொல்கிறேன் என்று அவர் ரிப்பேர் பார்க்கும் லிஃப்டுக்குள் என்னைக் கூட்டிப் போனார். கதவை மூடிக் கேள்விகளைப் படிக்கச் சொன்னார். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போய்க்கொண்டே படித்தேன். ஐந்தாம் மாடியில் கதவு திறந்து ஒரு பெரியவர் உள்ளே வந்தார். நான் நிறுத்த மறந்து, "உலகிலேயே பெரிய பறவை எது?" என்று கேட்டுவிட்டேன். அவர் யோசித்து, "நெருப்புக்கோழி" என்றார். இறங்கும் இடத்தில் இறங்காமல், சரியா தப்பா என்று கேட்டுக்கொண்டு எங்களோடு கீழே வரைக்கும் வந்தார்.

சீக்கிரம் சாரிடம் சொன்னேன். "பேச முடியாத ஒருத்தர், பேசவே தெரியாத ஒருத்தர். இது நிகழ்ச்சியாம்மா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. உன்னைப் போல் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், எடுத்தார். "சரி, ஒரே ஒரு தடவை. நேயர்களை உட்கார வச்சு, நிறுத்தாம எடுக்கணும். நல்லா இல்லன்னா பட்டாசு, ம்யூசிக், லைட்டு. அதுக்கப்புறம் என்கிட்ட வரக்கூடாது" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

21ஆம் தேதி மதியம் படப்பிடிப்பு. அண்ணியால் பரீட்சை நேரத்தில் வர முடியாது என்பதால் மாப்பிள்ளை வந்து உன்னை அழைத்து வருவார். கோட்டு மூடாவிட்டால் பரவாயில்லை, திறந்தே போடு. கழுத்துத் துணி மட்டும் நல்லதாக ஒன்று எடுத்து வா. ஒளிக்க வேண்டாம். குடையையும் மறக்காதே.

நடுங்கிக்கொண்டே,
கீச்சு


ஜூன் 22

அன்புள்ள அண்ணி,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணா பக்கத்து அறையில் நன்றாகத் தூங்குகிறார். சூப் குடித்தார், மாத்திரை போட்டார். நேற்று நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அவர் எழுதினால் தன்னைப் பற்றி மட்டும் எழுதுவார்.

முதலில் ஒன்றும் சரியாக இல்லை. அண்ணா வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் நேயர்கள் கைதட்டினார்கள். அவர் பேசாமல் இருக்கவே தட்டல் தேய்ந்துபோய், ஒரு கசமுசா. நான் முன்னால் வந்து, "எங்க அண்ணாவுக்குப் போன வருஷம் ஆபரேஷன்ல குரல் போயிடுச்சு. இனிமே கேள்வி என்னோடது, மணி அவரோடது" என்று கீச்சினேன். பின்வரிசையில் யாரோ, "ஐயோ பாவம்" என்றது எனக்கே கேட்டது. அண்ணாவுக்கும் கேட்டிருக்கும். அவர் கை மேசை ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

முதல் போட்டியாளர் ஒரு பல் டாக்டர் அம்மா. கிண்ணென்று பேசுகிறவர். பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். நான் படித்தேன்: "குழந்தைகளுக்கு முளைக்கும் பால் பற்கள் மொத்தம் எத்தனை?"

அரங்கமே சிரித்தது. பல் டாக்டருக்குப் பல் கேள்வி! அவர் காலை ஆட்டிக்கொண்டு, "இருபது" என்றார். எனக்கு நெஞ்சு இடிந்துபோயிற்று. எடுத்த எடுப்பிலேயே இவ்வளவு லேசான கேள்வியா, இதில் என்ன விறுவிறுப்பு இருக்கும்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. விடை வந்ததும் என் கால் தன்னால் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டது! இத்தனை வருஷப் பழக்கம் அண்ணி. விடை வந்தால் நான் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்து மணி அடிக்க வேண்டும், அதுதானே என் வேலை? பின்னால் போய் இருட்டில் துழாவுகிறேன். புத்தகம் இல்லை. மணியைத் தேடுகிறேன். மணியும் இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

முன்னால் அண்ணா என்ன செய்கிறார்? அவருக்கும் அதே பழக்கம்! மணி தன் கைக்குப் பக்கத்தில் இருப்பதை அடியோடு மறந்துவிட்டு, நான் பின்னாலிருந்து அடிப்பேன் என்று காத்துக்கொண்டு, அந்த அம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

திரை இடுக்கு வழியாக நான் பார்த்தேன். டாக்டர் அம்மாவின் கால் ஆட்டம் நின்றுவிட்டது. "இருபதுதான்" என்றார். அண்ணா பார்த்தார். "மேல பத்து, கீழ பத்து" என்றார். அண்ணா பார்த்தார். அந்த அம்மா வாய்க்குள் விரலை விட்டுத் தன் பல்லையே எண்ண ஆரம்பித்தார். "இருங்க, கடைவாய்ப் பல்லு... மாத்தி..." என்றார். அரங்கம் முழுக்க "ஐயோ" என்றது. "இல்ல! மாத்தலை! நான் டாக்டருங்க, எனக்குத் தெரியும்! தெரியும்தானே?" என்று நேயர்களைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் மூச்சு விடவில்லை. கேமராக்காரர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். "ஐயோ பாவம்" சொன்ன பின்வரிசை எழுந்தே நின்றுவிட்டது. யாரும் அண்ணாவைப் பார்த்துப் பாவப்படவில்லை அண்ணி. பாவப்பட்டதெல்லாம் அந்த டாக்டரைப் பார்த்துத்தான்.

அப்போது மேலே கட்டுப்பாட்டு அறைக் கதவு தடாரென்று திறந்தது. சீக்கிரம் சார்! முகமெல்லாம் வேர்வை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்துகிறார்:

"யோவ், அடிங்கய்யா மணியை! உசுரு போகுது!"

அண்ணா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகுதான் குனிந்து தன் மேசையைப் பார்த்தார். மணியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதை நான் இந்த வருஷம் முழுக்கப் பார்க்கவில்லை. கையைத் தூக்கி ஓங்கி ஒரு அடி.

அந்த மணிச் சத்தத்தோடு கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. டாக்டர் அம்மா குதித்தார். நான் ஓடி வந்து அண்ணாவைக் கட்டிக்கொண்டேன், இதுவும் படமாகிவிட்டது. முடிந்ததும் சீக்கிரம் சார் வந்து அண்ணாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவசரப்படாதீங்க சார், மெதுவா செய்ங்க" என்றார். அவர் வாயில் "மெதுவா" என்ற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. நிகழ்ச்சி உறுதி. ஆகஸ்டிலிருந்து வாரா வாரம். பட்டாசை "கண்கட்டிக் கடைத்தெரு"வுக்குப் போட்டிருக்கிறார்கள், அங்கே அவன் இஷ்டம் போல் கத்தலாம்.

நான் ஓடிய இடத்தை வெட்டச் சொன்னேன். முடியாது என்றுவிட்டார்கள். ஒவ்வொரு வாரமும் ஓட வேண்டுமாம்.

பரீட்சை முடிந்ததும் ஓய்வெடுங்கள். அண்ணாவைச் சனிக்கிழமை மாப்பிள்ளை கொண்டுவந்து விடுவார்.

அன்புடன்,
கீச்சு


ஆகஸ்ட் 18

அன்புள்ள கீச்சுக்கு,

இங்கே பரம சௌக்கியம். முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று உன் அண்ணி பள்ளிக்கூட ஆசிரியைகளையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். நீ திரைக்குப் பின்னால் ஓடும் இடத்தில் அவர்கள் சிரித்த சிரிப்பில் என் தொட்டிச் செடி ஒன்று கீழே விழுந்தது. நஷ்டத்தை உன் சேனலிடம் கேள்.

நேற்று மருந்துக்கடைக்குத் தனியாகப் போனேன். அதே பெண்தான். நிமிர்ந்து பார்க்காமல் மருந்தை எடுத்து வைத்து, "பை வேணுமா?" என்றாள். நான் வழக்கம் போல் பேசாமல் நின்றேன். "வேணாம்ல? இல்ல, வேணுமா? சரி, போட்டுடறேன்... வேணாமா?" என்று நிமிர்ந்தவள், "ஐயோ, சார், நீங்களா!" என்று அலறி, உள்ளே இருந்தவர்களையெல்லாம் வெளியே கூட்டி வந்துவிட்டாள். யாரும் கத்திப் பேசவில்லை. யாரும் குழந்தையிடம் பேசுவது போல் பேசவில்லை. வரிசையில் நின்ற ஒரு ஆள், "சார், என்னை மட்டும் பார்த்துடாதீங்க, நான் எடுத்த மருந்தை மாத்திடுவேன்" என்று கும்பிட்டார். பெருமையில் மருந்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போக வேண்டியிருந்தது. சந்தோஷமாகப் போனேன்.

ஒரு அம்மாவிடமிருந்து சேனல் வழியாகக் கடிதம் வந்தது. அந்த நாய் வீட்டு அம்மாதான். பழைய நாய் இப்போது இல்லையாம், புது நாயாம். உன் குரலைக் கேட்டால் அது வாலை ஆட்டிக்கொண்டு டி.வி.க்குப் பின்னால் போய்த் தேடுகிறதாம். பெயர் வைத்தவன் நான், பலன் உனக்கு.

இன்னொரு சமாச்சாரம். நேற்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து பேசாமல் இருந்தது நான்தான். நீ, "யாருங்க? ராங் நம்பரா? எங்க வீட்டுக்காரரா வேணும்? அவர் வீட்ல இல்ல. இருக்கார், இருங்க கூப்பிடறேன்" என்று மூன்று தடவை மாறினாய். சிரித்துச் சிரித்து வைத்துவிட்டேன்.

இனி இந்த வீட்டில் போனை நானே எடுப்பேன். குளியலும் கிடையாது, தூக்கமும் கிடையாது. போனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணி வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அந்தப் பக்கம் சத்தமே இல்லாவிட்டால் பதறாதே, பின்னால் எங்கேயும் ஓடாதே. கடிதத்தின் முதல் வரியில் எப்போதும் எழுதுவாயே, "நீ எப்படி இருக்கிறாய், நலமா?" என்று, அதையே உன் கீச்சுக் குரலில் கேள்.

மணி அடிக்கிறேன்.

உன் அண்ணன்